ஓரக்குறிப்பும் உடையவர் உரிமையும்

ஒருவர் தம் பொருளைச் செலவிட்டுத் தம் நிலத்தில் தம் கருத்திற்கு இசைந்தவாறு ஒரு மாளிகை எடுக்கின்றார். அவ்வழியே செல்வோர் அதனைக் கண்டு புகழ்தலும் இகழ்தலும் இயல்பே. அவர்கள் தெருவில் நின்று பேசுவதை மாளிகைக்குடையவர் தடுத்தல் இயலாது. தம் சுவரின்மேல் எழுதுவதைத் தடுத்தல் இயலும். தெருவுக்கும் சுவருக்கும் இடையேயுள்ள இவ்வெல்லை பன்னெடுங்காலமாக யாவர்க்கும் விளங்கிக் கிடந்தது. இணையம் தோன்றிய பின்னர் அது கலங்கிவிட்டது. ஒருவருடைய இணையதளத்தின்மீது, அவர் இசைவின்றியும் அவர் அறியாமலும், எவரும் தம் கருத்தை எழுதி ஒட்டவும் பிறர் அதனைப் படிக்கவும் வழிசெய்யும் கருவிகள் 1990-களின் இறுதி தொட்டு ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்துள்ளன. தளத்திற்குரியவர் அவ்வெழுத்தை அழிக்கவும் ஒண்ணாது, திருத்தவும் ஒண்ணாது. இக்கருவிகள் அறிவுக்கு ஆக்கமோ கேடோ, உடையவர் உரிமை எதுவரை செல்லும், எழுதுவோர் உரிமை எங்கே முடியும் என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

நூலின் பக்க ஓரத்தில் கற்போர் எழுதும் குறிப்பினை ஓரக்குறிப்பு என்பது வழக்கு. இணையப் பக்கத்தின்மேல் எழுதப்படுவதற்கும் அப்பெயரையே ஈண்டு வழங்குவோம். இணையதளத்தை நடத்துவோரைத் தளமுடையார் என்றும், ஓரக்குறிப்புக் கருவியை நடத்துவோரைக் கருவியாளர் என்றும் சுருங்கச் சொல்லுவோம்.

1. ஓரக்குறிப்பின் பழமை

கருவி புதிது, அதன் உள்ளே கிடக்கும் வழக்கோ மிகப் பழையது. ரோமாபுரியில் நவோனாச் சதுக்கத்தின் அருகே பஸ்குவீனோ என்னும் பெயருடைய சிதைந்த கற்சிலை யொன்று உளது. அதனை 1501-ஆம் ஆண்டில் கர்தினால் ஒலிவியேரோ கராஃபா என்பார் அவ்விடத்தில் நிறுவினார். நாளடைவில் நகர மாந்தர் போப்பரசரையும் அவர்தம் அதிகாரிகளையும் எள்ளிப் பாடிய பாட்டுக்களைப் பெயர் எழுதாது அச்சிலையின்மேல் ஒட்டலாயினர். சிலையை நிறுவியவர் கருதியது ஒன்று. நகரத்தார் அதனைப் பயன்படுத்தியது வேறொன்று. 1522 முதல் 1523 வரை போப்பரசராயிருந்த ஆறாம் ஏட்ரியன் சினங்கொண்டு அச்சிலையை டைபர் ஆற்றில் எறிய எண்ணினாரென்றும், எறிந்தால் அது தவளைபோல் நீரினின்றும் உரக்கக் கத்தும் என அருகிலிருந்தார் சொல்ல அவ்வெண்ணத்தைக் கைவிட்டாரென்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை மெய்யாயினும் புனைவாயினும், அது புகட்டும் பாடம் மெய்யே. ஓரிடத்தில் அடக்கப்பட்ட பேச்சு பிறிதோரிடத்தில் எழும் என்பதே அப்பாடம்.

இதனினும் நம் பொருளுக்கு அணித்தான சான்று ஜெனீவா வேதாகமமாம். மேரி அரசியின் ஆட்சியில் (1553–1558) இங்கிலாந்தை விட்டு ஓடி ஜெனீவா நகரில் அடைக்கலம் புகுந்த புரட்டஸ்தாந்து அறிஞர்கள் வேதாகமத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1560-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் ஓரங்களில் விளக்கக் குறிப்புக்கள் நிறைந்திருந்தன. இக்குறிப்புக்களுட் சில மன்னர்க்கு உவப்பானவை அல்ல. யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில், எபிரெயக் குழந்தைகளைக் கொல்லுமாறு பார்வோன் இட்ட கட்டளையை மருத்துவச்சிகள் மீறிய செய்தி வருகின்றது. அவர்கள் அரசன் ஆணையை மீறியது நேரியதே என்று ஓரக்குறிப்பு உரைத்தது. இரண்டாம் நாளாகமத்தின் 15-ஆம் அதிகாரத்தில், விக்கிரகத்தை வணங்கிய தாயை ஆசா மன்னன் அரசிப் பதவியினின்று நீக்கினான் என்று வருமிடத்தில், அவளைக் கொல்லாது விட்டது அவன் குறைபாடு என்று மற்றொரு குறிப்பு இயம்பிற்று.

முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிற் கூட்டிய அவையில் இவ்விரு குறிப்புக்களையும் எடுத்துக்காட்டி வெறுப்புற்றார். புதிய மொழிபெயர்ப்பு ஒன்று செய்யப்படல் வேண்டுமென்றும், எபிரெய கிரேக்கச் சொற்களின் பொருளை விளக்குதற்கன்றிப் பிறவாறு ஓரக்குறிப்பு எதுவும் அதில் இடம்பெறலாகாதென்றும் விதி செய்யப்பட்டது. அவ்வாறு பிறந்ததே 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம். இனி நிகழ்ந்ததே கருதற்பாலது. ஜெனீவா வேதாகமம் 1644-ஆம் ஆண்டோடு அச்சேறுவது நின்றது. ஆயினும் அதன் குறிப்புக்கள் நின்றில. 1642 முதற்கொண்டு, மன்னர் செய்வித்த மொழிபெயர்ப்பின் ஓரத்திலேயே ஜெனீவாக் குறிப்புக்களைச் சேர்த்து அச்சிட்ட பதிப்புக்கள் வெளிவரலாயின. எக்குறிப்பு வேண்டாவென்று மன்னர் நூல் செய்வித்தாரோ, அக்குறிப்பே அந்நூலின் ஓரத்தில் வந்து குடியேறியது. வாசகர் ஒன்றை வேண்டுவாராயின், உடையவர் ஆணை அதனைச் சிறிது காலம் தாழ்த்தலாமேயன்றி முற்றும் ஒழித்தல் அரிது.

தமிழ் கற்றார்க்கு இது வியப்பன்று. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பது வழக்கு. அவருட் சிறந்தவரான பரிமேலழகர் வள்ளுவர்க்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவர். நூலாசிரியர் இசைவைப் பெற்று உரை எழுதினார் எவரும் இலர். எனினும் உரையில்லா நூலைக் காட்டிலும் உரையுள்ள நூலே கற்பார்க்கு ஒளி தருகின்றது. ஆயின் உரையாசிரியர்க்கும் இன்று இணையத்தில் ஓரக்குறிப்பு எழுதுவார்க்கும் ஒரு வேற்றுமை உண்டு. உரையாசிரியர் தம் பெயரும் புலமையும் பொருந்த எழுதினர். எவரென்று அறியப்படாத ஆயிரவர் ஒரு நொடியில் எழுதுவதற்கும் அப்பெருமை உண்டோ என்பதே வினா.

2. கருவி தொழிற்படும் முறை

ஒரு பொருளை வழக்காடு முன் அஃது எவ்வாறு இயங்குகின்றது என்று அறிதல் வேண்டும். இணையத்தில் ஒவ்வொரு பக்கத்திற்கும் தனித்தனி முகவரி உண்டு. நாம் ஒரு பக்கத்தைத் திறக்குங்கால், தளமுடையாரின் கணினி அப்பக்கத்தின் படியொன்றை நமக்கு அனுப்புகின்றது. நம் கணினியிலுள்ள உலாவி அதனைத் திரையில் விரித்துக் காட்டுகின்றது. ஓரக்குறிப்புக் கருவி இவ்விரண்டிற்கும் இடையில் நுழைவதன்று. பெரும்பாலும் உலாவியோடு சேர்க்கப்படும் ஒரு துணைநிரலாகவே அமைகின்றது. நாம் திறந்த பக்கத்தின் முகவரியை அத்துணைநிரல் கருவியாளரின் கணினிக்குத் தெரிவித்து, இம்முகவரிக்கு எவரேனும் குறிப்பு எழுதியுள்ளாரோ என்று வினவுகின்றது. இருப்பின் அவற்றைப் பெற்றுப் பக்கத்தின் மேலோ பக்கவாட்டிலோ காட்டுகின்றது.

இதிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, தளமுடையாரின் கணினியிலுள்ள மூலப்பக்கத்தில் ஓரெழுத்தேனும் மாறுவதில்லை. துணைநிரல் இல்லாதார்க்கு அப்பக்கம் பழையபடியே தோன்றும். இரண்டாவது, குறிப்புக்கள் பிறிதொரு கணினியில் இருத்தலால், தளமுடையார் அவற்றை அழித்தற்கு வழியில்லை. மூன்றாவது, எப்பக்கத்தைத் திறக்கினும் அம்முகவரி கருவியாளர்க்குப் பொதுவாகத் தெரிந்துவிடுகின்றது. ஆகவே குறிப்புப் படிப்போர் தாம் எதனைப் படிக்கின்றனர் என்னும் மறையைப் பிறர் கையில் ஒப்புவிக்கின்றனர். இம்மூன்றாவதைப் பலர் எண்ணுவதில்லை.

குறிப்பு எச்சொல்லைப் பற்றியதோ அச்சொல்லுடன் அதனைப் பிணைத்தலும் எளிதன்று. பக்கத்தில் குறித்த சொற்றொடரையும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில சொற்களையும் கருவி நினைவிற்கொண்டு, மறுமுறை பக்கம் திறக்கப்படும்போது அவற்றைத் தேடிக் கண்டு குறிப்பை அவ்விடத்தில் வைக்கின்றது. தளமுடையார் அப்பத்தியைத் திருத்திவிடின் குறிப்புக்குப் பற்றுக்கோடு இல்லாமற் போகின்றது. இத்தகையவற்றை அநாதைக் குறிப்பு என்பர். பிழை சுட்டிய குறிப்பு அநாதையானால், பிழை திருத்தப்பட்டது என்பது பொருளாகவும் இருக்கலாம். குறை மறைக்கப்பட்டது என்பது பொருளாகவும் இருக்கலாம்.

3. கருவிகளின் வரலாறு

1945-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அமெரிக்க அறிஞர் வானவர் புஷ், அட்லாண்டிக் மாத இதழில், ஒருவர் தம் நூல்கள் அனைத்தையும் அடக்கி வைத்துக் கற்கத்தக்க மேமெக்ஸ் என்னும் ஒரு பொறியைக் கற்பனையாக விவரித்தார். படிப்பவர் அதில் ஓரக்குறிப்புச் சேர்த்தற்கும் இடமிருந்தது. உலகளாவிய வலையை அமைத்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் எழுதிய முன்மொழிவிலும், பொதுச் செய்தியோடு கற்போர் தம் சொந்த இணைப்பையும் குறிப்பையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என்னும் கருத்து உளது. 1993-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பீனாவும் ஆக்கிய மொசேயிக் உலாவியிலும் குறிப்பெழுதும் வசதி தொடக்கத்தில் முயலப்பட்டது. பலர் ஒருங்கு எழுதும் குறிப்புக்களைத் தாங்கவல்ல பொதுக் கணினி இன்மையால் அம்முயற்சி தழைக்கவில்லை.

1999-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்து தேர்ட் வாய்ஸ் என்னும் கருவி வெளிவந்தது. எத்தளத்தின்மீதும் சிறு தாள் ஒட்டுவதுபோலக் குறிப்பு எழுத அது துணைசெய்தது. தமக்கு மட்டும், ஒரு குழுவிற்கு மட்டும், உலகனைத்திற்கும் என மூவகைக் குறிப்பும் அதில் எழுதலாம். தளமுடையார் பலர் வெகுண்டெழுந்து அதனை எதிர்த்து இயக்கம் நடத்தினர். தம் பக்கங்களில் அக்கருவி இயங்காதவாறு செய்யும் நிரல்களையும் புனைந்தனர். 2001-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மூடப்பட்டது. அதனை வீழ்த்தியது எதிர்ப்பு மட்டுமன்று. குறிப்புக்களால் வருவாய் ஈட்டும் வழி அதற்குக் கிட்டாமையும் ஒரு காரணமாம்.

2009-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கூகுள் நிறுவனம் சைட்விக்கி என்னும் கருவியைக் கொணர்ந்தது. பக்கத்தின் ஓரத்தில் எவரும் எழுதலாம். எது மேலே நிற்கும் என்பதைக் கூகுளின் கணக்குமுறை தீர்மானிக்கும். தளமுடையார் தம்மை மெய்ப்பித்துக் கொண்டால் தம் மறுமொழியை முதலில் வைக்கலாம். ஆனால் கருவியை விலக்க வழியில்லை. தம் தளத்தில் கருத்துரைகளைத் தாமே பேணி வந்தோர், உரையாடல் தம் கையினின்று ஒரு பெருநிறுவனத்தின் கைக்குப் பறிக்கப்படுகின்றது என்று முறையிட்டனர். 2011-ஆம் ஆண்டின் இறுதியில் சைட்விக்கியும் நிறுத்தப்பட்டது.

2016-ஆம் ஆண்டில் ஜீனியஸ் என்னும் நிறுவனத்தின் கருவியால் எழுந்த வழக்கே யாவற்றினும் கருதத்தக்கது. இசைப்பாட்டுக்களுக்குப் பொருளுரைக்கத் தொடங்கிய அந்நிறுவனம், பின்னர் எவ்வலைப்பக்கத்திற்கும் உரை எழுத இடந்தந்தது. தம் வாழ்க்கையின் அந்தரங்கத் துன்பத்தைப் பிறர்க்குப் பயன்படுமாறு எழுதிய ஓர் இளம்பெண், தாம் வேண்டாத உரைகள் தம் பக்கத்தின்மேல் ஏற்றப்படுவதைக் கண்டு வருந்தி, விலகிக்கொள்ளும் உரிமையைக் கேட்டார். தம் தளத்தில் கருத்துரைகளை அவர் மூடி வைத்தாலும், இக்கருவி அம்மூடலைப் பொருளற்றதாக்கிற்று. அமெரிக்கச் சட்டமன்ற உறுப்பினர் காத்தரீன் கிளார்க் அந்நிறுவனத்திற்கு ஒரு கடிதம் விடுத்து, துன்புறுத்தலைத் தடுக்க யாது செய்யப்போகின்றீர் என்று வினவினார். அதன்பின் தகாதவற்றை முறையிடுதற்கு ஒரு பொத்தானை அந்நிறுவனம் அமைத்தது.

இதே காலத்தில் பிறிதொன்றும் நிகழ்ந்து வந்தது. செய்தித்தாள்களும் இதழ்களும் தம் கட்டுரைக்கீழ் வாசகர் எழுதும் பகுதியை மூடலாயின. பாப்புலர் சயன்ஸ் இதழ் 2013-லும், ராய்ட்டர்ஸ் 2014-லும், அமெரிக்கப் பொது வானொலி 2016-லும் அவ்வாறு செய்தன. வசையும் பொய்யும் பெருகியதே காரணமென்றனர். வாயில் மூடப்பட்டபோது சிலர் மதிலேற முயன்றனர். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் காப் நிறுவனம் டிஸ்ஸெண்டர் என்னும் கருவியை வெளியிட்டது. எத்தளம் மூடினும் அதன்மேல் எழுதலாம் என்பதே அதன் விளம்பரம். வெறுப்புரை மலிந்தமையால் மொசில்லாவும் கூகுளும் அதே ஆண்டு ஏப்ரல் திங்களில் தம் துணைநிரற் கடைகளினின்று அதனை நீக்கின. அந்நிறுவனமோ தனக்கென ஓர் உலாவியையே அமைத்துக் கொண்டது.

4. தளமுடையார் கூறும் வழக்கு

தளமுடையார் கூற்றை முதலிற் கேட்போம். எம் பக்கத்தை ஆக்கியவர் யாம். அதற்குப் பொருள் செலவிட்டவர் யாம். அதனால் எழும் நற்பெயரும் தீப்பெயரும் எம்மைச் சார்வன. எம் எழுத்தின் அருகே பிறன் ஒருவனுடைய வசைமொழி நிற்குமாயின், அஃது எம் இசைவோடு நிற்கின்றது என்று அறியாதார் கருதுவர். பொய்யொன்று எழுதப்பட்டால் அதனை மறுக்க, அக்கருவியில் எம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டியுள்ளது. கருவிகள் பத்து உளவாயின், நாள்தோறும் பத்து ஓரங்களையும் காவல் செய்தல் எமக்கு இயலுமோ? பெருநிறுவனத்திற்கு அது எளிதாகலாம். தனியொருவர்க்கு அது தாங்கொணாச் சுமை.

இவ்வழக்கில் உண்மை மிக உண்டு. அதிலும் இறுதியிற் கூறிய சுமையே பெரிது. சட்டமும் இவர்க்குப் பெரிதும் துணை நிற்பதில்லை. 1996-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு, பிறர் எழுதியதற்குக் கருவியாளரை வெளியிட்டவராகக் கருதலாகாது என்கின்றது. ஆகவே வசைக்கு ஆளானவர் எழுதியவனைத் தேடிப் பிடித்தல் வேண்டும், அவனோ பெயரற்றவன்.

5. எழுதுவோர் கூறும் வழக்கு

எழுதுவோர் தரப்பிலும் வன்மை இல்லாமலில்லை. மூலப்பக்கத்தை யாம் தொடவில்லை. துணைநிரலைத் தாமே விரும்பிச் சேர்த்துக்கொண்டவர்க்கன்றி எம் எழுத்துத் தோன்றாது. இருவர் ஒரு நூலைத் தம்முன் வைத்து அதனைப் பற்றிப் பேசுவதை நூலாசிரியன் தடுக்கலாமோ? அன்றியும், எல்லாத் தளங்களும் ஏழைகளின் குடிலல்ல. அரசாங்கங்களும், மருந்து விற்கும் நிறுவனங்களும், பல இலக்கம் வாசகரை உடைய செய்தித்தாள்களும் தளம் நடத்துகின்றன. அவர்கள் தம் குறை கூறும் கருத்துரையை மட்டும் அழித்து, புகழ்ச்சியை மட்டும் நிறுத்துவாராயின், வாசகர் உண்மை அறிவது எங்ஙனம்?

இதற்குச் சிறந்த சான்று கிளைமேட் ஃபீட்பேக் என்னும் முயற்சியாம். தட்பவெப்ப நிலை மாற்றத்தைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதும் கட்டுரைகளின்மீது, அத்துறையில் ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானிகள், ஹைப்போதிசிஸ் என்னும் கருவியால் வரிவரியாகக் குறிப்பு எழுதினர். எங்கே சான்று உண்டு, எங்கே திரிபு உண்டு என்பதை வாசகர் அக்கட்டுரையின் அருகிலேயே காணலாயினர். இது செய்தித்தாளின் இசைவை நாடி நடந்ததன்று, நாடியிருப்பின் நடந்திராது. ஹைப்போதிசிஸ் 2011-இல் இலாப நோக்கின்றித் தொடங்கப்பட்டது. 2015-இல் 40-க்கு மேற்பட்ட கல்வி வெளியீட்டாளரும் அறிவு நிறுவனங்களும் ஓரக்குறிப்பைக் கல்வித்துறையிற் பரப்ப அதனோடு ஒன்றுகூடினர். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், உலகளாவிய வலைக்கு விதிவகுக்கும் கூட்டமைப்பு, ஓரக்குறிப்புக்குரிய பொது விதிகளை வெளியிட்டது. ஆகவே ஓரக்குறிப்பு என்பது கள்வர் கருவியன்று. கற்றார் போற்றும் கருவியுமாம்.

6. ஆராய்ச்சி

இருதிறத்தார் கூற்றையும் ஒப்பநோக்கின், இரு சாராரும் ஒரே சொல்லால் வெவ்வேறு பொருளைச் சுட்டுகின்றனர் என்பது புலனாகும். தளமுடையார் உரிமை என்பது சுவரின்மேல் உள்ள உரிமை. எழுதுவோர் உரிமை என்பது தெருவில் உள்ள உரிமை. ஓரக்குறிப்போ சுவருமன்று, தெருவுமன்று. படிப்பவர் கண்ணில் அணியும் ஒரு கண்ணாடி போன்றது. கண்ணாடியில் எழுதப்பட்டது சுவரில் எழுதப்பட்டதுபோலத் தோன்றும். அதனைக் கழற்றினாற் சுவர் பழையபடியே நிற்கும். ஆதலின், என் சுவரைக் கெடுத்தனர் என்னும் வழக்கு நிற்பதற்கில்லை. ஆயினும், கண்ணாடியிலுள்ள எழுத்து ஒரு மனிதரைப் புண்படுத்துமாயின், சுவர் கெடவில்லை என்று கூறி அப்புண்ணை இல்லையென்றல் நேர்மையன்று. உரிமை பொருளைப் பற்றியது. தீங்கு மனிதரைப் பற்றியது. இவ்விரண்டையும் பிரித்துணராமையே இவ்வழக்கு முடிவின்றி நீள்வதற்குக் காரணம் என்பது எம் துணிபு.

இவ்வேறுபாட்டைக் கொள்ளின் ஒரு முறை தோன்றும். எழுதியவர் எத்துணை வலிமையுடையாரோ, அத்துணை அவர் எழுத்துப் பொதுமக்கள் ஆய்வுக்குத் திறந்திருத்தல் வேண்டும். அரசாங்கம், நிறுவனம், செய்தித்தாள் என்பவை தம்மேல் எழுதப்படும் குறிப்பைத் தடுக்கக் கேட்டல் தகாது. தம் துயரை எழுதிய தனியொருவர் விலகிக்கொள்ள வேண்டினாரேல், அவ்வேண்டுகோளைக் கேட்டல் தகும். ஜெனீவாக் குறிப்பு மன்னர்க்கு எதிராக நின்றது. அதனை அடக்கியது மன்னர் தம் வலிமையை மிகுவித்ததாகும். தனித்து நிற்கும் பெண்ணின் பக்கத்தின்மேல் பெயரற்ற பலர் ஏறி எழுதுவது அதற்கு நேர்மாறானது. அங்கே வலிமை எழுதுவோர் பக்கத்தது. இரண்டையும் ஒரே விதியால் அளத்தல் நீதியாகாது.

எனினும் வலியார் யார், எளியார் யார் என்று யாவர் தீர்ப்பது என்னும் தடை எழும். இத்தடை உண்மையானதே. தனியொருவராயினும் இலக்கக்கணக்கான வாசகரை உடையார் உளர். நிறுவனமாயினும் இருவர் நடத்தும் சிறுகடை உளது. இவ்வெல்லைக்கோடு நேராக அமையாது என்பதை ஒப்புகின்றோம். ஆயினும் அந்திப்பொழுது உண்டென்பதால் இரவும் பகலும் ஒன்றாகிவிடா.

அண்மையிற் செய்யப்பட்ட ஒரு முயற்சி இங்குக் கருதத்தக்கது. ட்விட்டர் நிறுவனம் 2021-ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கிய முயற்சி ஒன்று, 2022-இன் இறுதியிற் சமுதாயக் குறிப்பு என்னும் பொருளுடைய பெயர் பெற்று உலகெங்கும் விரிந்தது. அத்தளம் 2023-இல் எக்ஸ் எனப் பெயர் மாறிற்று. அங்கே ஒருவர் வெளியிட்ட செய்தியின்கீழ்ப் பிறர் விளக்கக் குறிப்பு எழுதுவர். செய்தியை வெளியிட்டவர் அதனை நீக்கல் இயலாது. ஆனால் எழுதப்பட்ட குறிப்பு உடனே யாவர்க்கும் தோன்றாது. வழக்கமாகத் தம்முள் மாறுபட்டு மதிப்பிடும் இருசாராரும் அக்குறிப்புப் பயனுடைத்து என்று ஒருமித்து மதித்தால் மட்டுமே அது வெளிப்படும். 2025-இல் மெட்டா நிறுவனமும் அமெரிக்காவில் இம்முறையைக் கைக்கொண்டது. பகைவரும் ஒப்பும் கூற்றே மேலெழும் என்பது இம்முறையின் சிறப்பு. இருசாராரும் ஒப்புமளவும் காத்திருத்தலின், பொய் உலகைச் சுற்றி வந்தபின் குறிப்பு வந்து சேர்தல் இதன் குறை. ஆயினும், உடையவரும் அடக்கலாகாது, கூட்டத்தாரும் நெருக்கலாகாது என்னும் இரு வேண்டுகோளையும் ஒருங்கே நிறைவேற்ற முயன்றமையால் இஃது ஆராய்தற்குரியது.

இவற்றால் கருவியாளர்க்கு நான்கு கடமைகள் பெறப்படும். குறிப்பு எழுதப்பட்டது என்பதைத் தளமுடையார் எளிதில் அறியச் செய்தல் ஒன்று. அவர் மறுமொழி குறிப்பின் அருகே நிற்க இடந்தருதல் இரண்டு. துன்புறுத்தலை முறையிட்டால் தாழாது ஆராய்தல் மூன்று. எம் எழுத்தன்று, பிறர் எழுத்து என்பது பார்த்தவுடன் விளங்குமாறு குறிப்பைக் காட்டுதல் நான்கு. இந்நான்கும் செய்வார்க்குத் தளமுடையார் இசைவு வேண்டுவதின்று. இவை செய்யாதார்க்கு உரிமை பேச வாயில்லை.

7. மாணவர்க்குரிய பயன்

இப்பொருள் இணையத் தொழிலாளர்க்கே உரியது என்று மாணவர் கருதற்க. வகுப்பில் ஒரு கட்டுரையை மாணவர் முப்பதின்மர் தத்தம் கணினியில் திறந்து, ஒரே ஓரத்தில் ஐயமும் விடையும் எழுதிக் கற்கும் முறை பல கல்லூரிகளில் வழங்குகின்றது. ஒருவர் எழுப்பிய ஐயத்தை மற்றொருவர் தீர்க்கும் காட்சி, பழைய திண்ணைப் பள்ளியில் மூத்த மாணாக்கர் இளைய மாணாக்கர்க்குப் பாடம் சொல்லிய வழக்கினை நினைவூட்டுவது. அங்கே எழுதப் பழகிய கையே நாளைப் பொது ஓரத்திலும் எழுதும். ஆதலின் எழுதுமுன் வினவவேண்டிய வினாக்களை இப்பருவத்திலேயே பழகுதல் நன்று. யான் எழுதுவது சொல்லப்பட்ட பொருளைப் பற்றியதோ, சொன்ன மனிதரைப் பற்றியதோ? இதற்குச் சான்று காட்ட வல்லேனோ? எழுதப்பட்டவர் எதிரில் நின்றால் இதனையே கூறுவேனோ? என் பெயரை இதன்கீழ் இடுவேனோ?

உடையவர் தடுக்க இயலாத ஓரத்தில், தடுப்பதற்கு எஞ்சியிருப்பது எழுதுவோர் உள்ளம் ஒன்றே. வாயிற்காவலன் உள்ள இடத்தில் அவனுக்கு அஞ்சி நாவடக்குவோம். காவலன் இல்லாத இடத்தில் நம்மை நாமே காத்தல் வேண்டும். பிறர் நமக்குச் செய்ய விரும்புவதையே நாம் பிறர்க்குச் செய்தல் வேண்டும் என்று மலைப்பிரசங்கம் வகுத்த பொதுவிதி, நூலின் நடுவுக்கு மட்டும் உரியதன்று; ஓரத்திற்கும் உரியதாம். நம் எழுத்தின் ஓரத்தில் எத்தகைய குறிப்பை ஒரு நல்லாசிரியர் எழுதின் நன்றியோடு ஏற்போமோ, அத்தகைய குறிப்பையே பிறர் ஓரத்தில் நாம் எழுதுவோமாக. அவ்வாறு எழுதப்படும் குறிப்பை நீக்க வேண்டுமென்று விரும்பும் தளமுடையார் மிகச் சிலரே இருப்பர்; அச்சிலர்க்கே அக்குறிப்புப் பெரிதும் வேண்டுவதாம்.